சரியாக நடுவில்

என் அக்கா பல் செட் செய்கிறவள். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே அறை, ஒரே மேசை. பல் டாக்டருடைய கிளினிக்குக்குப் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால், தலையைக் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு வரும். உள்ளே முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. பிளாஸ்டர் தூசி பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணியில் படிகிறது என்று சண்டை வந்ததில், பலகை வைத்து அடித்துவிட்டார்கள். இப்போது காற்றுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், வெளிச்சத்துக்கு ஒரு ட்யூப்லைட். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த வெள்ளைத் தாடைகள்.

அவளுக்கு மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் இருக்காது. தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் விழிப்பாள். அவர் வாயைத் திறந்து சிரித்ததும் தெளிவாகிவிடும். "இவருக்குக் கீழ்த்தாடை ரொம்பச் சப்பை. செட்டு உக்காரவே மாட்டேன்னு என்னைப் படுத்தி எடுத்துச்சு" என்று அவர் காதுபடவே சொல்வாள். கூட வருகிற மாமா வேறு யாருடனோ வந்தவர் போல நாலடி தள்ளி நடப்பார்.

மாமா பஸ் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஆறாவது, சின்னவள் நாலாவது. நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு பாயும் ஒரு பையுமாகக் கிடக்கிற இந்த மாதங்களில் நடந்தது இது. "உலகத்தையே சுத்தியாச்சு, குக்கர் மூடியைச் சரியா மூடத் தெரியலை" என்று அக்கா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய ஒன்பதாவது வயதிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது அவளுக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. மூன்றாவது படிக்கும்போது டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிடுவாள். டீச்சர் திரும்பி முறைப்பார். அறிவியல் புத்தகத்தை, புத்தகம் கொடுத்த வாரத்திலேயே படித்து முடித்துவிட்டு, மிச்ச வருஷம் முழுக்கப் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்றாவது முடிந்ததும் அவளை நேரே ஆறாவதில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அப்பா தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

படிப்பில் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆறாவதிலும் முதல் வரிசை மார்க்தான். குறையெல்லாம் மணி அடித்த பிறகுதான். கூடப் படித்த பெண்கள் அவளைவிட ஒரு தலை உயரம். அவர்கள் கூடி நின்று ஏதாவது பேச ஆரம்பிக்கும்போது ஒருத்தி இவள் பக்கம் திரும்பி, "நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்பாள். இவள் போய்க் குடித்துவிட்டு வருவாள். வந்ததும் இன்னொருத்தி, "அதுக்குள்ள வந்துட்டியா? இன்னும் கொஞ்சம் குடி" என்பாள். பழைய வகுப்புப் பிள்ளைகளிடம் போனால், "நீதான் பெரிய கிளாஸாச்சே" என்று அவர்களும் வட்டத்தை மூடிக்கொண்டார்கள். "அந்த ஸ்கூல் குழாய்ல என் அளவுக்குத் தண்ணி குடிச்சவ கிடையாது. கல்வெட்டு வைக்கலாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

பதினைந்து வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். "பதினேழு முடியணும்மா. அதுவரைக்கும் வீட்ல விளையாடு."

இரண்டு வருஷம் சும்மா இருக்க வேண்டாமே என்று அப்பாதான் தெரிந்த பல் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே பல் செட் செய்துகொண்டிருந்த பெரியவர், பிளாஸ்டர் கலக்கவும் மெழுகில் பல் அடுக்கவும் அவளை வைத்துக்கொண்டார். அவள் கை சீக்கிரம் படிந்துவிட்டது. எல்லாவற்றிலும் அவசரம்தானே. பதினேழு முடிகிற நேரத்தில் பெரியவருக்குப் பார்வை போய்விட்டது. மொத்த அறையும் இவள் கைக்கு வந்தது. "இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்கோம்மா" என்றார் டாக்டர். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷம் கல்யாணம். பிறகு பெரியவன். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. அவள்தான் உள்ளேயே இருந்தாள்.

எதனால் இப்படி ஆனது என்று கேட்டால் அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டாள். "மூணாவதுல இருந்து தூக்கி ஆறாவதுல போட்டாங்களே, அதனாலதான். ஓடு ஓடுன்னு ஓட விட்டாங்க. ஓடிப்போய்ப் பூட்டின கதவு முன்னாடி நின்னேன்." இதை அவள் வருத்தமாகச் சொல்வதில்லை. ஒரு செட் ஏன் உட்காரவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிற குரலில்தான் சொல்வாள். அவளுக்கு அது தீர்ந்த விஷயம்.

அப்படி இருக்கும்போதுதான் சின்னவள் வந்து பிறந்தாள்.

சின்னவளை அடக்குவதற்குப் பொம்மை வேண்டாம். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, கலப்பதற்கு ஏதாவது இரண்டு பொருள் இருந்தால் போதும். அக்கா கிளினிக்கிலிருந்து மிச்ச பிளாஸ்டரை ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்திருந்தாள், சுவரில் ஆணி பெயர்ந்த ஓட்டைகளை அடைக்க. அது இறுகும்போது சூடாகிறது என்பதைச் சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் காணாமல் போனது. கொஞ்சம் உப்புப் போட்டால் சீக்கிரம் இறுகுகிறது, எலுமிச்சைச் சாறு விட்டால் நேரமாகிறது என்பதையெல்லாம் டீ குடிக்கிற டம்ளர்களிலேயே செய்து பார்த்தாள். டம்ளர்கள் கல்லாகி நின்றன. மாமா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே டீயை உளி வச்சு வெட்டித்தான் குடிக்கணும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆறாவது முதல்தான் கலந்துகொள்ளலாம். பெரியவன் இந்த டம்ளர்களையே ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டுபோய் மேசையில் வைத்தான். சயின்ஸ் சார் வந்து, பிளாஸ்டர் ஏன் சூடாகிறது என்று கேட்டார். பெரியவன் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்த டிபார்ட்மென்ட் தங்கச்சி, சார். நான் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

நாலாவது வகுப்பிலிருந்து சின்னவளைக் கூட்டி வந்தார்கள். மேசை அவள் மோவாய் உயரம் இருந்தது. "இது முதல்ல கல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள். "சுட்டு அதுல இருந்த தண்ணியை வெளியே எடுத்துட்டாங்க. அதனாலதான் மாவாச்சு. இப்ப நாம தண்ணி குடுத்ததும் திரும்பக் கல்லாகுது. சுடும்போது வாங்கின சூட்டைத் திருப்பிக் குடுத்துடுது." சார் அடுத்த மேசைக்குப் போகவே இல்லை.

மறுவாரம் ஹெச்.எம். மேடம் அக்காவையும் மாமாவையும் கூப்பிட்டு அனுப்பினார். பேச்சு சுருக்கமாக முடிந்தது. அடுத்த பருவத்திலிருந்து சின்னவளை நேரே ஆறாவதில் போடலாம். சனிக்கிழமை ஆறாம் வகுப்பு அறிவியலில் ஒரு பரீட்சை வைப்பார்கள். முக்கால்வாசிக்கு மேல் எழுதினால் போதும். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு பிரிவுதான். அதனால் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்கும். "அது மட்டும் உங்களுக்குப் பரவாயில்லையான்னு பாத்துக்கோங்க" என்றார் மேடம். பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை மேலே போட்டுவிட்டால் திரும்பக் கீழே இறக்குகிற வழக்கம் இங்கே இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறையில் நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமாதான் ஆரம்பித்தார். "ரோடு காலியாக் கிடக்கு. வண்டி நல்லா இழுக்குது. எதுக்கு செகண்ட் கியர்லயே உருட்டிட்டிருக்கணும்?"

"உங்க வண்டிக்கு பிரேக் இருக்கு."

"இவளுக்கு நீ இருக்கியே."

பெரியவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "அவ வரட்டும்மா. என் பெஞ்சுலயே உக்கார வைங்க. எனக்கு வசதி."

"தங்கச்சிகூட ஒரே கிளாஸ்ல உக்கார உனக்கு வெக்கமா இருக்காதாடா?" என்றார் மாமா.

"எதுக்குப்பா? ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதாதா?"

"பாருங்க, இப்ப சிரிக்கிறான்" என்றாள் அக்கா. "நாளைக்கு ஒவ்வொரு டீச்சரும் அவளையும் இவனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பேசும்போது இவன் முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?"

மாமா யோசித்தார். அது யோசிக்க வேண்டிய காரணமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவுடைய காரணம் அதில்லை என்பது எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

"அவகிட்ட கேட்டியாக்கா?" என்றேன்.

"என்கிட்டயும்தான் கேட்டாங்க. ஒன்பது வயசுல எதைக் கேட்டாலும் சரின்னுதான் வரும். நானும் சரின்னுதான் சொன்னேன்."

சின்னவள் தட்டில் இருந்ததை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான் போயிட்டா கண்ணாடி பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டாள். கண்ணாடி என்பது அவளுடைய சிநேகிதி. வகுப்பிலேயே கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான்.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அக்கா நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் நாலாவது வகுப்பில் சின்னவள் எப்படி இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்பாள். திங்கட்கிழமை காலையில் செருப்பை மாட்ட அரை மணி நேரம் ஆகும். வகுப்பில் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்டை உரித்திருக்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். தொல்லை பண்ணுவதில்லை, பதில் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறாள், மற்ற நேரமெல்லாம் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா இதைக் கேட்டபோது தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டாள். பென்சில் சீவுகிற விரல்.

ஆக, அங்கேயே இருந்தால் இப்படி. மேலே போனால் எப்படி என்று அவள் வாழ்ந்தே பார்த்திருக்கிறாள். கீழே இறக்கவும் மாட்டார்கள். அந்த வாரம் அக்கா வீட்டில் ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பாள். துணியை மடிப்பாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பாள். கிளினிக்கில் ஒருவருடைய செட்டில் வலது கோரைப்பல்லை இடது பக்கம் வைத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு தவறு அவள் கையிலிருந்து போனதில்லை. டாக்டர் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அது அவளை இன்னும் குத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். சின்னவள் நேரே கிளினிக் பின்னறைக்கு வந்துவிட்டாள். அங்கே நடந்ததை அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள், அதையே திருப்பிச் சொல்கிறேன்.

அக்கா ஒரு செட்டை முடித்து, மேலும் கீழும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்க வைப்பார்கள். எந்தப் பல் மற்றதைவிட உயரமாக இருக்கிறதோ அதன் தலையில் நீலம் அழுத்தமாகப் படியும். அந்தப் பல்லைச் சின்ன மிஷினால் தேய்ப்பாள். மறுபடி கடிக்க வைப்பாள். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி லேசாக நீலம் விழும்வரைக்கும் தேய்ப்பாள்.

சின்னவள் பக்கத்து ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தாள். "எதுக்கு இதைத் தேய்க்கணும்? மத்த பல்லையெல்லாம் கொஞ்சம் உயர்த்திட்டா என்ன?"

"அப்போ வாய் மூடாது."

"இது ஒண்ணு மட்டும் உயரமா இருந்தா?"

"கடிக்கிற பலமெல்லாம் இது மேலயே விழும். கொஞ்ச நாள்ல செட்டே உடைஞ்சிரும்."

இதைச் சொன்ன வாயோடுதான் அக்கா அடுத்ததையும் சொல்லிவிட்டாள். அவள் அதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மிஷினை அணைத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பரீட்சையில நீயும் கொஞ்சம் தேய்ச்சு எழுதும்மா" என்றாள். "எல்லாத்தையும் சரியா எழுத வேண்டாம். ஒரேயடியா மோசமாவும் வேண்டாம், சந்தேகம் வரும். நடுவுல இரு. எல்லாருக்கும் நல்லது. அண்ணனுக்கும் நல்லது. கண்ணாடிகூடவே உக்காந்துக்கலாம்."

இருபது வருஷமாக உயரமான பல்லைத் தேய்த்தே பழகிய கை. அவளுக்கு அது தீர்வாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. தேய்த்தால் வலிக்குமா என்று அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. அங்கே இருக்கிற எந்தப் பல்லுக்கும் நரம்பு கிடையாது.

சின்னவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாளாம். பிறகு, "எவ்வளவு தேய்க்கணும்?" என்று கேட்டாளாம்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். பெரியவனுடைய வகுப்புப் பையன்கள் மூன்று நாலு பேர் சைக்கிளோடு நின்றார்கள். சின்னவள் படியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தனாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கல்லும் சின்னக் கல்லும் மாடியிலிருந்து விழுந்தால் எது முதலில் வரும். நிலா ஏன் தேய்கிறது. செடிக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது. அவர்கள் தப்பாகச் சொல்லும்போது அவள் திருத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரி, அடுத்த ஆளு" என்றாள்.

"என்னடா நடக்குது?" என்று பெரியவனிடம் கேட்டேன்.

"சர்வே எடுக்கிறா சித்தி. நாங்க எல்லாம் மக்கள்."

எனக்கு அது வழக்கமான கூத்தாகத்தான் தெரிந்தது. அக்கா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்திருக்கும். உள்ளே போய்விட்டாள்.

பரீட்சை நடந்தது. நாலு நாள் கழித்து அக்காவைக் கூப்பிட்டார்கள். மாமாவுக்கு டூட்டி. நான் துணைக்குப் போனேன். சின்னவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ட்ரம், மணி, சுவரில் சாத்திய பழைய மேப் எல்லாம் இருந்த வராண்டா அது.

ஹெச்.எம். மேடம் விடைத்தாளை எங்கள் பக்கம் தள்ளினார். "பாதிதான் வந்திருக்கு. முக்கால்வாசி வேணும்னு சொல்லியிருந்தோம். இந்த வருஷம் வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம். நீங்களும் தயங்கினீங்க, உங்களுக்கும் இதுதான் சரியா இருக்கும்."

அக்கா தலையாட்டினாள். அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். ஒரு வாரமாகக் காதுவரைக்கும் ஏறியிருந்த தோள்.

சயின்ஸ் சார் மட்டும் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணு புரியலை மேடம். தெரியாத பிள்ளை ஏதாவது கிறுக்கி வைக்கும். இல்லைன்னா விட்டுரும். இவ எதையும் விடலை. தப்பா எழுதின ஒவ்வொண்ணும் என் கிளாஸ்ல பாதிப் பேர் எழுதுற அதே தப்பு. நிலா தேயுறதுக்குப் பூமியோட நிழல்தான் காரணம்னு எழுதியிருக்கா. போன மாசம் இதே பொண்ணு வராண்டால ஒரு பந்தை வச்சுக்கிட்டு, நிழல் இல்லை, வெளிச்சம் படுற பக்கத்தை நாம பாக்கிற விதம்தான்னு எங்க பசங்களுக்குச் சொல்லிட்டிருந்தா. நான் நின்னு கேட்டேன்."

"பயத்துல மறந்திருப்பா" என்றார் மேடம்.

"இருக்கலாம்" என்றார் சார், நம்பாமல்.

அந்த இடத்தில் அக்கா எழுந்துவிட்டாள். எழுந்தால் போதும். அவள் வேண்டியது நடந்துவிட்டது. சார் சந்தேகப்படுவார், இரண்டு நாளில் மறந்துவிடுவார். நன்றி சொல்லிவிட்டு நாங்கள் வெளியே வந்தோம்.

சின்னவள் பெஞ்சிலிருந்து குதித்தாள். எங்களை முந்திக்கொண்டு மெதுவான குரலில் கேட்டாள். "சரியா வந்துச்சாம்மா?"

அக்கா நின்றாள்.

"நடுவுலதான் வந்துச்சா? ஒண்ணு ரெண்டு கூடக் குறைய வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தேன். செடி கேள்விக்கு அண்ணன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மண்ணுன்னு சொன்னாங்க, அதையே போட்டுட்டேன். கடைசிக் கேள்வி சர்வேயிலயே இல்லை. அதுக்கு நானா ஒரு தப்பை யோசிக்க வேண்டியதாப் போச்சு. அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்றபோதுகூட இந்த அளவுக்கு இல்லை. அம்மா கொடுத்த வேலையை ஒரு இழை பிசகாமல் செய்துவிட்ட பெருமை.

அக்கா அவளுடைய தலையில் கையை வைத்தாள். எடுத்தாள். வாசல் பக்கம் நாலடி நடந்தாள். தண்ணீர் ட்ரம் பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு பெண் டம்ளரில் தண்ணீர் பிடித்து மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள், தாகமில்லாதவள் போல. அக்கா அவளைப் பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரும்பி நேரே ஹெச்.எம். அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அக்கா முழுவதையும் சொன்னாள். நீலத் தாள், மிஷின், நடுவில் இரு என்றது எல்லாவற்றையும். தண்ணீர்க் குழாயைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லி வர்ற பெத்தவங்களைத் தினமும் பாக்கிறேன்" என்றார் மேடம். "குறைச்சு எழுதக் கத்துக் குடுத்த அம்மாவை இப்பத்தான் பாக்கிறேன்."

சார் சிரிக்கவில்லை. "கேள்வித்தாளைப் பாக்காமலே எங்க பசங்களோட தப்பு எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கா. எனக்கு அதைக் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆச்சு" என்றார்.

அரை மணி நேரம் பேசினார்கள். மேடம் மறு பரீட்சை வைக்க முடியாது என்றார். வைத்திருந்தால் சின்னவள் நேரே மேலே போயிருப்பாள், அந்த விதத்தில் அது அக்காவைக் காப்பாற்றியது. ஆனால் சார் விடவில்லை. கடைசியில், இந்த வருஷம் அறிவியல் பீரியடுக்கு மட்டும் சின்னவள் ஆறாவதில் வந்து உட்காரட்டும், மற்ற நேரமெல்லாம் நாலாவதிலேயே இருக்கட்டும் என்று ஆனது. வருஷக் கடைசியில் மிச்சத்தை முடிவு செய்யலாம். அக்கா சரி என்றாள். நல்ல முடிவு என்று எல்லாருக்கும் தோன்றியது. கண்ணாடி பக்கத்து இடமும் காலியாகவில்லை.

ஆனால் இரண்டு வாரம் கழித்துச் சார் பெரியவனிடம் சொல்லி அனுப்பினார். சின்னவள் வகுப்பில் வாயைத் திறப்பதில்லையாம். கேள்வி கேட்டால் சுற்றி இருக்கிறவர்களைப் பார்க்கிறாளாம். நாலு பேர் கை தூக்கினால் ஐந்தாவதாகத் தூக்குகிறாள். யாரும் தூக்காவிட்டால் அவளும் தூக்குவதில்லை. நாலாவதிலும் இப்போது அப்படித்தான். ஜன்னல் கம்பியைச் சுரண்டுவதை விட்டுவிட்டாளாம். அந்த டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

"சொல்லிப் பாத்தாச்சு" என்றார் மாமா. "தெரிஞ்சதைச் சொல்லு, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நானும் சொன்னேன், இவளும் சொன்னா. தலையை ஆட்டுறா. மறுபடி சுத்திப் பாக்கிறா."

எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிற பெண். இதையும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை எப்படிக் கழற்றி வைப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அக்கா அவளை மடியில் உட்கார வைத்து, "நான் சொன்னது தப்பு. நீ அதை மறந்துரு" என்றாள். சின்னவள், "எல்லாத்தையுமா, கொஞ்சம் மட்டுமா?" என்று கேட்டாள்.

இப்போது சாப்பிடும்போது அக்கா தினமும் ஏதாவது ஒரு கேள்வி கேட்கிறாள். நேற்று, சூடான பாத்திரத்து மூடியின் உள்பக்கம் ஏன் தண்ணீர் கோத்துக்கொள்கிறது என்று கேட்டாள். சின்னவளுக்கு நடக்கப் பழகும் முன்பே விடை தெரிந்திருக்கக்கூடிய கேள்வி.

சின்னவள் முதலில் அண்ணனைப் பார்த்தாள். பெரியவன் தட்டோடு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "என்னைப் பாக்காதே. நான் இல்லை இங்க. நீ சொல்லு."

அப்பாவைப் பார்த்தாள். மாமா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். "நானும் டூட்டிக்குப் போயாச்சு."

என்னைப் பார்த்தாள். நான் சமையலறைக்கு எழுந்து போய்விட்டேன். அங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் அம்மாவைப் பார்த்தாள். கேள்வி கேட்டது அம்மா, அதனால் அக்கா எங்கும் திரும்ப முடியாது. பிடித்திருக்கிறதா, பயமா, எவ்வளவு சொன்னால் போதும் என்று தன் முகத்தில் எது தெரிந்தாலும் மகள் அதைப் படித்துவிடுவாள் என்று அக்காவுக்குத் தெரியும். முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கன்னம் துடித்தது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

சின்னவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுமையாக, கண் இமைக்காமல், இறுகுகிற பிளாஸ்டரைப் பார்க்கிற மாதிரி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரியவன், "சொல்லிட்டாளா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றாள் அக்கா. "நீ திரும்பாதே."